பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டில் அலுவலகம் போடுகிறீர்களா? பட்டி பார்க்கும் முன் படியுங்கள்

ஜார்ஜ் டவுன், மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் எண்பது, நூறு வருடப் பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டை (தேக்குச் சட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட தட்டைக் கூரை வீடு) வாடகைக்கு எடுத்து அலுவலகம் போட நினைப்பவர்களுக்காக இது. உயரமான கூரை, தேக்குக் கதவு, வழுவழு சுவர் எல்லாம் பார்த்ததும் பிடித்துவிடும். புது ஃபிளாட்டில் செய்கிற வேலையையே காண்ட்ராக்டர் இங்கேயும் செய்யும்போதுதான் வினை தொடங்கும். சிமென்ட், பட்டி (சுவரைச் சமன் செய்யும் புட்டி), எமல்ஷன் என்று பளபளவென முடித்துக் கொடுப்பார். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் சுவர் பொரிந்து கொட்டும். சுண்ணாம்பில் கட்டியதைச் சுண்ணாம்பில்தான் சரிசெய்ய வேண்டும், வேலையைக் கூரையில் தொடங்கிக் கீழே வர வேண்டும். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் சமாளிக்கக்கூடியதுதான்.

1. கையெழுத்துக்கு முன்: காகித வேலை

முதலில் கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். 2010-ல் சென்னை உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பு, நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்த 467 கட்டடங்களுக்குப் பாதுகாப்பு தந்தது. அதன் பிறகு சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தில் பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று தனிக் குழு அமைந்தது. பட்டியலில் உள்ள கட்டடமென்றால் முகப்பில் கை வைக்கும் முன் அந்தக் குழுவின் ஒப்புதல் வேண்டும். "உள்ளேதானே மாற்றுகிறோம்" என்று நீங்களே முடிவெடுக்காதீர்கள். எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

அடுத்தது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம் எதுவும் பக்கத்தில் இருக்கிறதா என்பது. சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானமே கூடாது. அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டர் வரை கட்டுப்பாட்டுப் பகுதி. பழுதுபார்ப்பதற்குக்கூட முன் அனுமதி வாங்க வேண்டும். பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் கல்லறை ஒன்றால் சுற்றியுள்ள கட்டுமானம் தடைபட்டு, அது வழக்குவரை போன கதை ஜார்ஜ் டவுன்காரர்களுக்குத் தெரியும்.

பட்டியலிலும் இல்லை, சின்னமும் பக்கத்தில் இல்லை என்றால் சுமை தாங்கும் சுவரைத் தொடாத, பரப்பளவைக் கூட்டாத பழுதுபார்ப்புக்கும் பெயின்ட் வேலைக்கும் பொதுவாகத் திட்ட அனுமதி தேவைப்படாது. ஆனால் வீடு அலுவலகமாகும்போது பயன்பாடு மாறுகிறது. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மின் இணைப்பையும் வீட்டுக் கட்டணத்திலிருந்து வணிகக் கட்டணத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றாமல் ஏசியை ஓட்டி மாட்டிக்கொண்டால் அபராதத்தோடு கட்ட நேரும்.

உரிமையாளரிடமிருந்து வாங்க வேண்டியவை: பத்திர நகல், சொத்து வரி ரசீது, மின் இணைப்பு எண், என்னென்ன வேலை செய்யலாம் என்று ஒவ்வொன்றாக எழுதிய சம்மதக் கடிதம். 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கட்டமைப்பில் கை வைத்தால் நீங்கள்தான் சிக்கலில் மாட்டுவீர்கள். ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைக் கட்டாயம் சேருங்கள்: வேலை நடக்கும் மாதங்களுக்கு வாடகை இல்லை, கூரைப் பழுது உரிமையாளர் செலவு, குறைந்தது ஐந்து வருடத்துக்குக் காலி செய்யச் சொல்லக் கூடாது. மூன்றாவது வரி இல்லாவிட்டால், சுண்ணாம்பு வேலைக்குச் செலவழித்த பணம் அடுத்து வருகிறவருக்குப் போய்ச் சேரும்.

பழைய வீடுகளுக்கு அங்கீகரித்த வரைபடம் பெரும்பாலும் கிடைக்காது. ஒரு வரைவாளரை வைத்து அளந்து வரைந்துகொள்ளுங்கள். எல்லா விண்ணப்பத்துக்கும் அது உதவும்.

2. ஒரு நாள் முழுக்கக் கட்டடத்தைத் தட்டிப் பாருங்கள்

டார்ச், சின்னச் சுத்தியல், நீள ஸ்க்ரூ டிரைவர், நூல்கண்டு, ஏணி போதும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போனால் கட்டடமே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

கூரைச் சட்டங்களைத் தட்டுங்கள். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். உளுத்ததோ கறையான் தின்றதோ பொத்தென்று ஒலிக்கும். சட்டத்தின் நடுப்பகுதி பார்க்க நன்றாகவே இருக்கும். சுவருக்குள் புதைந்திருக்கும் முனைதான் முதலில் போகும், ஏனென்றால் ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம், அங்கேதான் தங்கும். சுவரை ஒட்டிய இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்துங்கள். கால் அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்த முனையைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். பிறகு சட்டத்தின் அடியில் முனைக்கு முனை நூல் கட்டுங்கள். 15 அடிச் சட்டத்தில் முக்கால் அங்குலத்துக்கு மேல் தொய்வு தெரிந்தால் கொத்தனாரை நம்பாமல் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

சுவரில் ஆணியால் கீறுங்கள். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தால் சுண்ணாம்புக் காரை. ஆணி வழுக்கிச் சாம்பல் நிறம் தெரிந்தால் யாரோ ஏற்கெனவே சிமென்ட் பூசியிருக்கிறார்கள். எந்த அறையில் எது என்று வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பட்ஜெட்டைத் தீர்மானிக்கப்போவது இந்தக் குறிப்புதான்.

3. கூரை

மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்குச் சட்டங்களின் மேல், சுமார் 6 × 3 × 1 அங்குலச் சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் சாய்வாகக் குத்துக்கல்லாக (விளிம்பில் நிறுத்தி) அடுக்கி, அதன்மேல் மூன்று நான்கு அங்குலம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுக் கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு (தட்டையான ஓடு) பதித்த கூரை. ஒவ்வொரு அடுக்கும் கொஞ்சம் ஈரம் வாங்கும், வெயிலில் திரும்ப விட்டுவிடும். அப்படித்தான் இத்தனை வருடம் நின்றிருக்கிறது.

ஒழுகுகிறது என்றதும் எல்லோரும் சொல்லும் வைத்தியம், மேலே இரண்டு அங்குலம் சிமென்ட் தளம் போடுவது. கணக்குப் போடுங்கள்: இரண்டு அங்குலச் சிமென்ட் தளம் சதுர அடிக்குப் பத்து கிலோவுக்குக் குறையாது. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் பத்து டன் கூடுதல் சுமை, அதுவும் முனை உளுத்த சட்டங்களின் மேல். ஒழுக்கு நின்றதுபோல் தோன்றும். உள்ளே போன ஈரம் மேலே ஆவியாக வழியில்லாமல் கீழே சட்டத்தில் இறங்கும். தார் ஷீட் ஒட்டினாலும் இதே கதைதான். ஏற்கெனவே தளம் போட்டிருந்தால் அதைப் பிரித்து எடுப்பதே முதல் வேலை. பிரேக்கர் மெஷின் கூடாது, அதிர்வில் அடியிலுள்ள செங்கல் கழன்றுவிடும். உளி, சுத்தியல்தான்.

செய்ய வேண்டிய வரிசை: மழைநீர்த் தூம்பையும் குழாயையும் சுத்தம் செய்யுங்கள். கைப்பிடிச் சுவரோரம் முளைத்த ஆலங்கன்றையும் அரசங்கன்றையும் வேரோடு எடுங்கள். மேலே வெட்டிவிட்டால் வேர் உள்ளேயே தடிக்கும். தட்டிப் பார்த்து டொக்கு விழும் (உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலிக்கும்) தட்டோடுகளை மட்டும் பெயர்த்துச் சுண்ணாம்புச் சாந்தில் மறுபடி பதியுங்கள். வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவு) 60 அடிக்கு ஓர் அடி, அதாவது 15 அடிக்கு மூன்று அங்குலம் வேண்டும். ஒழுகும் மெட்ராஸ் டெரஸ்களில் பாதி, வாட்டம் கெட்டுத் தண்ணீர் தேங்குவதால் ஒழுகுபவைதான்.

சட்டத்தின் முனை மட்டும் கெட்டிருந்தால் முழுச் சட்டத்தையும் மாற்ற வேண்டாம். கீழே முட்டுக் கொடுத்து, கெட்ட பகுதியை அறுத்து, இருபுறமும் இரும்புச் சானல் வைத்து போல்ட் போட்டு, சானலின் முனையைச் சுவரில் உட்கார வைக்கலாம். சானலுக்கு ரெட் ஆக்சைடு பிரைமர் இரண்டு கோட்டு. முட்டுக் கொடுக்காமல் அறுக்க ஒப்புக்கொள்ளும் ஆசாரியை அன்றே அனுப்பிவிடுங்கள். அடுக்குச் செங்கல்லே விழுந்திருந்தால், நூறு சதுர அடிக்கு இணைப்பின் தடிமனைப் பொறுத்து 1,600 முதல் 1,800 செங்கல் பிடிக்கும். இந்த அளவுச் செங்கல் கடையில் கிடைக்காது. சூளையில் சொல்லி வைத்து வாங்க வேண்டும், எனவே முதல் வாரமே ஆர்டர் கொடுங்கள்.

மாடியில் ஆவண அறை வைக்காதீர்கள். இன்றைய தரக் குறியீடு வீட்டுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமையும், ஆவணங்களைத் தனியறையில் வைக்கும் அலுவலகத்துக்கு 250 கிலோவும், தனியறை இல்லாத அலுவலகத்துக்கு 400 கிலோவும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. உங்கள் கட்டடம் வீடாகக் கட்டியது. ஃபைல் அலமாரி, யுபிஎஸ் பேட்டரி, லாக்கர் எல்லாம் தரைத்தளத்தில் இருக்கட்டும்.

4. சுவர்

சிமென்ட் பூசிய சுண்ணாம்புச் சுவரில் தரையிலிருந்து மூன்று நான்கு அடி உயரம்வரை பெயின்ட் கொப்பளித்து, வெள்ளையாக உப்பு பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஓதம் வெளியே வர முடியாமல் மேலே மேலே ஏறிய கோடு அது. மேலே 'வாட்டர் ப்ரூஃப்' பூச்சு அடித்தால் கோடு இன்னும் ஓர் அடி ஏறும், அவ்வளவுதான். வெளிச்சுவர் ஓரம் மண் மேடு இருந்தால் வெட்டி எடுத்து, தரைமட்டத்தை உட்தரைக்குக் கீழே கொண்டுவாருங்கள். ஒழுகும் குழாயை மாற்றுங்கள். பிறகு உப்புக் கோட்டுக்கு மேலே ஓர் அடிவரை சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல் இணைப்புகளை அரை அங்குலம் ஆழம் சுரண்டி, சுவரைச் சில வாரங்களாவது சும்மா காயவிடுங்கள். உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, கரைந்து மறுபடி உள்ளே போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ளுங்கள்.

சுண்ணாம்பை வேலை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே தயார் செய்ய வேண்டும். சுட்ட சுண்ணாம்பைத் தொட்டித் தண்ணீரில் போட்டு நீர்க்க வைத்து, சலித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி மூடி வையுங்கள். குறைந்தது 15 நாள், ஒரு மாதமென்றால் நல்லது. சரியாக நீர்க்காத குருணை சாந்தில் தங்கிவிட்டால் சுவரில் பூசிய பிறகு நீர்த்து உப்பி, பட்டாணி அளவுப் பள்ளங்களாகத் தெறிக்கும். அப்போது ஒன்றும் செய்ய முடியாது. தண்ணீரில் போடும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் யாரையும் தொட்டிப் பக்கம் விடாதீர்கள். சுண்ணாம்புக்குப் பிளாஸ்டிக் வாளி ஆகாது, அந்தச் சூட்டில் உருகும்.

கலவை ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சலித்த மணல். ஓதம் உள்ள இடத்தில் மணலில் ஒரு பங்கைக் குறைத்துச் செங்கல் தூள், அதாவது சுர்க்கி, சேருங்கள். நூறு சதுர அடிச் சுவரில் 20 மி.மீ. தடிமனுக்கு ஏழு கன அடி மணலும் இரண்டரை கன அடி சுண்ணாம்பும் பிடிக்கும். பழைய சுவர் மேடுபள்ளமாக இருந்தால் இதற்கு மேல் கால் பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைப்பது இங்குள்ள வழக்கம். அளவு மேஸ்திரிக்கு மேஸ்திரி மாறும். வெல்லம் கூடினால் காரை இறுகத் தாமதமாகும், எறும்பும் வரும். ஆகவே மூன்றடிக்கு மூன்றடி மாதிரி பூசி, பத்து நாள் கழித்து நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு முழுச் சுவருக்குப் போங்கள்.

பூசும் முன் சுவரை நன்றாக நனையுங்கள். ஒரு கோட்டுக்கு, அதாவது ஒரு பூச்சுக்கு, 10 மி.மீ.க்கு மேல் வேண்டாம். கோட்டுக்குக் கோட்டு ஒரு வாரம் இடைவெளி விட்டு, தினமும் தண்ணீர் தெளித்து, வெயில் படும் இடத்தில் ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள். சுண்ணாம்பு காய்ந்து கெட்டியாவதில்லை, காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் கெட்டியாகிறது. அதற்கு ஈரமும் நேரமும் வேண்டும். "கொஞ்சம் சிமென்ட் போட்டா சீக்கிரம் செட் ஆகும் சார்" என்பார்கள். ஆகும்தான். பழைய சுவரோடு ஒட்டாமல் ஏடாகப் பெயரும்.

முன்கூடத்துச் சுவர் தொட்டால் சில்லென்று, கண்ணாடிபோல் மின்னினால் அது செட்டிநாட்டுப் பூச்சு. முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்பைப் பல அடுக்காகப் பூசிக் கல்லால் மெருகேற்றியது. அதன்மேல் பட்டி பார்க்க விடாதீர்கள். மேலே பெயின்ட் இருந்தாலும் பயப்பட வேண்டாம். வழுவழு பரப்பில் பெயின்ட் சரியாகப் பிடிக்காது, மழுங்கிய ஸ்க்ரேப்பரைப் படுக்க வைத்துத் தள்ளினால் பல இடங்களில் தோலாக உரிந்து வரும். பிறகு மென்மையான துணியும் வெறும் தண்ணீரும் போதும். ஆசிட் பக்கமே போகாதீர்கள், சுண்ணாம்பைத் தின்றுவிடும். பெயர்ந்த இடத்தைப் புதிதாகப் பூசினால் சில நாட்களுக்கு அந்தப் பரப்பு வியர்த்துக்கொண்டே இருக்கும். துடைத்துக்கொண்டே இருக்க ஒரு ஆளை விட வேண்டும். அந்தக் கூலியைக் கணக்கில் சேர்க்க எல்லோரும் மறப்பார்கள்.

5. வயரிங், ஏசி

வயர் புதைக்க இந்தச் சுவர்களில் காடி வெட்டினால் ஓர் அங்குலம் கேட்ட இடத்தில் நான்கு அங்குலம் பெயரும். எனவே வயர்கள் சுவருக்கு வெளியே, இரும்புக் குழாயிலோ பழைய பாணி மரக் கேசிங்கிலோ ஓடட்டும். பார்க்கவும் நன்றாகவே இருக்கும். பழைய துணி சுற்றிய வயர் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. எர்த்திங் புதிதாகப் போட்டு, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம்) வையுங்கள். பீங்கான் சுவிட்சுகள் அழகுக்கு இருக்கலாம், மின்சாரம் அவற்றில் போகக் கூடாது. நெட்வொர்க் கேபிளுக்குத் தனிக் குழாய்.

ஏசியின் வெளி யூனிட்டைக் கைப்பிடிச் சுவரில் தொங்கவிடாதீர்கள். வடியும் தண்ணீருக்குத் தரைவரை குழாய் போடுங்கள். சுவரில் சொட்டவிட்டால் ஒரே கோடையில் பச்சை பிடிக்கும். ஃபால்ஸ் சீலிங் வேண்டாம் என்பதே என் கருத்து. பணம் கொடுத்து எடுத்த உயரத்தை மறைப்பது ஒருபுறம், ஒழுக்கும் கறையானும் கண்ணில் படாமல் வளரும் என்பது இன்னொருபுறம். மேலே உள்ள வெண்டிலேட்டர்களையும் அடைக்காதீர்கள். ஏசி அறைக்குத் திறந்து மூடும் கண்ணாடி போட்டால் போதும்.

6. தரை

ஆத்தங்குடிக் கல்லோ ரெட் ஆக்சைடு தரையோ இருந்தால் கிரைண்டிங் மெஷின் ஏற்றக் கூடாது. நிறம் மேலே ஒரு மெல்லிய அடுக்கில்தான் இருக்கிறது, மெஷின் அதைச் சுரண்டிவிடும். வெந்நீர், கொஞ்சம் சோப்பு, தேங்காய் நார். காய்ந்தபின் தேங்காய் எண்ணெயை மெல்லியதாகத் தடவி, துணியால் இழுத்துத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் நின்றால் தூசு ஒட்டிக் கறுக்கும். உடைந்த கல்லுக்கு மாற்று வேண்டுமென்றால் ஒரு நல்ல கல்லை மாதிரிக்குக் கொடுத்து, தடிமனையும் சொல்லி ஆத்தங்குடியில் செய்யச் சொல்லுங்கள். பத்து சதவீதம் கூடுதலாக வாங்குங்கள், கையால் செய்வதால் அடுத்த முறை இதே நிறம் வராது.

அலுவலகத்துக்கென்று ஒரு எச்சரிக்கை: சக்கர நாற்காலிகளின் கெட்டி பிளாஸ்டிக் சக்கரங்கள் ஆறே மாதத்தில் தரையில் வட்டம் வட்டமாகக் கோடு போடும். மென்மையான ரப்பர் சக்கரம் கேளுங்கள். தடுப்புகளைத் தரையில் துளையிட்டுப் பொருத்தாமல் கனமான அடிப்பாகம் வைத்து நிறுத்துங்கள். கறையான் மருந்துக்காரர் சுவரோரம் அடிக்கு ஒரு துளை போடுவார். கல்லின் நடுவில் போடாமல் இணைப்பில் போடச் சொல்லுங்கள், முடிந்தால் வெளிப்பக்கத்திலிருந்து.

7. கதவு, ஜன்னல், பித்தளை

பழைய பெயின்ட்டை உலர்ந்த எமரித் தாளால் தேய்க்காதீர்கள், புளோ லேம்ப்பால் எரிக்காதீர்கள். பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய அடுக்குகளில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் ரிமூவர் தடவி, ஊறவிட்டு, ஈரமாகச் சுரண்டி, கழிவைத் தனிப் பையில் கட்டுங்கள். முகமூடி கட்டாயம்.

பலகை ஜன்னல்களில் லூவர் (சாய்த்துத் திறக்கும் பலகை) அசையவில்லை என்றால் பெரும்பாலும் மரத்தில் கோளாறு இருக்காது. சுழலும் முனையில் பத்து கோட்டு பெயின்ட் இறுகியிருக்கும், சுரண்டினால் விடும். அடிச்சட்டம் உளுத்திருந்தால் பழைய தேக்கிலேயே ஒட்டுப் போடச் சொல்லுங்கள். புதுத் தேக்கு சுருங்கும் விதமே வேறு. காணாமல் போன தாழ்ப்பாள், கொண்டி, தூண், வண்ணக் கண்ணாடிக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் தேடலாம். அளவெடுத்துக்கொண்டு, பழைய துண்டு ஒன்றையும் கையோடு எடுத்துப் போங்கள். 'பழையது' என்று விற்பதெல்லாம் பழையதில்லை. ஆணித் துளை, கீல் தேய்மானம், பின்பக்கத்து இழைப்புளித் தடம் மூன்றையும் பாருங்கள்.

பித்தளைச் சாமான்களைக் கழற்றி, எந்தக் கதவுடையது என்று எண் போட்டுத் தனித்தனி உறையில் வையுங்கள். வெந்நீரில் ஊறவைத்தால் பெயின்ட் இளகும். மீதியைப் புளி பார்த்துக்கொள்ளும்.

8. நிறம்

ஒரு மூலையில் இரண்டு அங்குலச் சதுரத்தில் பெயின்ட்டை அடுக்கடுக்காகச் சுரண்டிப் பாருங்கள். முதலில் அடித்த நிறம் தெரியும், பெரும்பாலும் நீங்கள் கேட்டலாக்கில் தேர்ந்தெடுத்ததைவிட அது நன்றாகவே இருக்கும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே அடிப்பது நல்லது. சுவரை நனைத்து, பால்போல் நீர்க்கக் கரைத்து, மூன்று முதல் ஐந்து கோட்டு. அடிக்கும்போது கண்ணாடிபோல் தெரியும், காயக் காயத்தான் வெளுக்கும். அவசரப்பட்டுக் கெட்டியாக அடித்தால் கையில் ஒட்டும்.

9. பணமும் காலமும்

வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் ஓய்ந்ததும் ஜனவரியில் கூரையைத் தொடங்குங்கள். இரண்டாயிரம் சதுர அடி வீட்டுக்குக் கூரைக்கு இரண்டு மாதம், சுவருக்கு இரண்டரை மாதம், மர வேலை அதோடு சேர்ந்தே ஓடும். ஜூன், ஜூலையில் குடி போகலாம். செப்டம்பரில் தொடங்கினால் ஈரத்தோடுதான் மல்லுக்கட்டுவீர்கள். நடுவே மூன்று வாரம் எதுவும் நடக்காததுபோல் தெரியும். காரை இறுகும் காலம் அது, காண்ட்ராக்டரை நெருக்காதீர்கள்.

சுண்ணாம்பு வேலையைச் சதுர அடி ரேட்டுக்கு விட்டால் கோட்டு குறையும், இடைவெளி குறையும். நாள் கூலியாக விடுங்கள், பொருளை நீங்களே வாங்குங்கள். மின் வேலையையும் பெயின்ட்டையும் ரேட்டுக்கு விடலாம். மதிப்பீட்டில் சாரம், இடிபாடு அகற்றுவது, தண்ணீர் லாரி மூன்றும் தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பின்னால் 'எக்ஸ்ட்ரா' என்று வரும். உடைத்தெடுத்த பழைய செங்கல்லைக் குப்பைக்கு அனுப்ப வேண்டாம், சிமென்ட் ஒட்டாததைத் தேர்ந்து இடித்துச் சலித்தால் அதுவே சுர்க்கி. மொத்தத்தில் கால் பங்கை எதிர்பாராததற்கென்று ஒதுக்கி வையுங்கள். அதில் பெரும்பகுதியைக் கூரைச் சட்டங்களே கேட்கும்.

கடைசிப் பத்து சதவீதத்தை வேலை முடிந்த அன்று கொடுக்காதீர்கள். ஒரு மழைக்காலம் கழித்து, ஜனவரியில் கூரையையும் சுவரோரத்தையும் காண்ட்ராக்டரோடு சேர்ந்து பார்த்துவிட்டுக் கொடுப்பதாக முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இதற்கு ஒப்புக்கொள்ளாதவர் சிமென்ட் மூட்டையோடு வருகிறவராகத்தான் இருப்பார்.